பழைய ஃபோர்வீலை உயர்த்தப் போகிறீர்களா? முதலில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃபோர்வீல் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்குக் குலை ஏற்றி வரவும், உர மூட்டை கொண்டு போகவும், அடைமழையில் செம்மண் சாலை சேறாகும்போது வீடு வந்து சேரவும் அது வேண்டும். பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தவர்களிலும் அப்பாவின் பழைய ஹைலக்சையோ சின்ன சுசூகி ஜிம்னியையோ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் பலர்.

இந்த வண்டிகளுக்கு வயதாகும்போது உரிமையாளர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு: “அடி தட்டுகிறது. ரெண்டு அங்குலம் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.” பட்டறைக்காரரும் தலையாட்டுவார். மலிவாகத் தூக்க வழி உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் எதைத் தூக்குகிறோம், எது தூக்கப்படாமல் அப்படியே கிடக்கிறது என்று தெரியாமல் காசைக் கொடுத்தால், வண்டி உயரமாகும். அடி தட்டுவது நிற்காது.

காரணம் எளியது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் மேலே போவது சேசிசும் பாடியும் மட்டுமே. ஒரே தண்டாக ஆக்சல் உள்ள பழைய வண்டிகளில், நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும். லோரி ஓடிப் பள்ளமான தோட்டச் சாலையின் நடு மேட்டில் முதலில் இடிப்பது பெரும்பாலும் அந்த உருண்டைதான். அதைத் தரையிலிருந்து உயர்த்த டயரால் மட்டுமே முடியும். அதுவும் டயரின் விட்டம் கூடுவதில் பாதி அளவுக்குத்தான்.

ஒரு கணக்கு: 195 ஆர் 15 டயரின் விட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். 235/75 ஆர் 15 டயர் சுமார் 73 சென்டிமீட்டர். டயரை மாற்றினால் டிஃபரன்ஷலுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் ஒன்றரை சென்டிமீட்டரை ஒட்டித்தான். கேட்கச் சிறிதாகத் தெரியும். உரசும் இடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் பெரியது.

ஆகவே பணத்தை எடுக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது. கீறல் எங்கே இருக்கிறது? டிஃபரன்ஷலில் என்றால் டயரைப் பற்றி யோசிக்க வேண்டும். கியர்போக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்திலோ, முன் பம்பரின் அடியிலோ, பின்னால் இழுவைக் கொக்கியிலோ என்றால் ஸ்பிரிங்கை உயர்த்துவதில் பொருள் உண்டு. ஏறி இறங்க மாட்டிய பக்கப் படியில்தான் கீறல் என்றால், படியைக் கழற்றிவிட்டால் போதும். செலவு இல்லை.

அடுத்தது அளவு நாடா. வண்டியைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, டயர்களில் ஒரே காற்றழுத்தம் வைத்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டி கிடைத்தால் அதையும் அளக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகள் சுமை தூக்கிய ஸ்பிரிங் தன் வளைவை இழந்து தட்டையாகியிருக்கும். ஓட்டுநர் பக்கம் கூடுதலாக இறங்கியிருப்பதும் வழக்கம். இப்படி இறங்கிய வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலே, பலர் தேடும் உயரத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்கு ‘லிஃப்ட் கிட்’ என்று பெயர் போட்ட பெட்டி எதுவும் தேவையில்லை.

அளக்கும்போதே சேசிசையும் பார்த்துவிட வேண்டும். உர மூட்டை ஏற்றிய வண்டிகளில் இது மிக முக்கியம். உரத்தில் உள்ள உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும். ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடிகள் பொருத்தப்பட்ட இடத்தில் சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தாலோ துரு செதிலாக உதிர்ந்தாலோ, வைத்திருக்கும் பணம் முதலில் அந்த இடத்துக்குத்தான். உளுத்த சேசிசில் புது ஸ்பிரிங் மாட்டுவது கரையான் அரித்த கட்டையில் ஊஞ்சல் கட்டுவது போன்றது.

எந்த வகை ஸ்பிரிங்?

மலிவான வழி எது என்பது வண்டியின் வயதையும் வகையையும் பொறுத்தது. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்கு ஓடும் பழைய லேண்ட்ரோவர்கள், சுசூகி எஸ்ஜே410, முன்பக்கமும் தண்டு ஆக்சல் உள்ள பழைய ஹைலக்ஸ் ஆகியவற்றில் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங்தான். இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் யூ போல்ட்டால் ஆக்சலோடு கட்டியிருப்பார்கள். சிக்கனம் பார்ப்பவர்களுக்கு இந்த வகை ஒரு வரம். ஏனென்றால் இதற்கான கைத்தொழில் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. லோரிகளுக்கு ஸ்பிரிங் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனால், அடுக்கைப் பிரித்து, வளைவை மீட்டுக் கொடுப்பார்கள். வேண்டுமென்றால் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

கடைக்குக் கடை கூலி மாறலாம். ஆனால் செலவின் வரிசை அவ்வளவாக மாறாது: வளைவை மீட்பதும் பட்டை சேர்ப்பதும் கீழ்ப்படி, தாய்லாந்தில் செய்த முழுத் தொகுப்பு நடுப்படி, ஆஸ்திரேலியப் பெயர் பெற்ற தொகுப்பு மேல்படி. வளைவு மீட்ட பட்டை மீண்டும் மெல்ல இறங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரத்தில் நான்கு நாள் குலை ஏற்றும் வண்டிக்குப் புதுப் பட்டைத் தொகுப்புதான் கடைசியில் மலிவு. ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகும் வண்டிக்கு வளைவு மீட்பதே போதும்.

கூடுதல் பட்டை சேர்த்தால் வண்டி விறைக்கும். சுமை இருக்கும்போது அது நல்லது. சுமை இல்லாமல் சாலையில் போனால் பின்பக்கம் துள்ளும்; பின்னிருக்கையில் பாட்டியை உட்கார வைத்து ஈப்போ போய் வந்தால் வீட்டில் விசாரணை நடக்கும். தொகுப்பாக வாங்குகிறவர்கள் “எத்தனை அங்குலம்?” என்று மட்டும் கேட்காமல், “எத்தனை கிலோ நிரந்தரச் சுமைக்கு?” என்றும் கேட்க வேண்டும். ஒரே மாடலுக்கு வெவ்வேறு எடைக்கான ஸ்பிரிங்குகள் உண்டு.

இன்னொரு மலிவு வழி, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிசோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது. இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். முன்பக்கம் இதைச் செய்தால் ஆக்சல் சற்றுத் திரும்பி, ஸ்டீரிங் தானாக நேருக்கு வரும் குணம் குறையக்கூடும். நெடுஞ்சாலையில் வண்டி அலைபாயும். ஒரு கடைசி வழியாகக்கூட இதைப் பரிந்துரைக்கத் தயக்கம்தான்.

ஆக்சலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துத் தூக்குவதும் உண்டு. பின்பக்கம், ஒரே கட்டையாக, சரியான நீளத்தில் புது யூ போல்ட்டோடு வைத்தால் ஏற்கலாம். முன் ஆக்சலுக்குக் கட்டை வைக்கவே கூடாது. பிரேக் பிடிக்கும்போது முன் ஆக்சல் முறுக்கிக்கொள்ளும். கட்டை நழுவினால் ஸ்டீரிங் கையில் இருந்தும் பயனில்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவது பின்பக்கத்திலும் ஆபத்து.

மிட்சுபிஷி ஸ்டோர்ம், அக்காலத்து ஃபோர்ட் ரேஞ்சர், விகோவுக்கு முந்தைய ஹைலக்ஸ்களில் ஒரு பகுதி ஆகியவற்றின் முன்பக்கம் வேறு விதம். நீளமான இரும்புக் கம்பி ஒன்று முறுக்கேறி ஸ்பிரிங்காக வேலை செய்யும்; அதுதான் டோர்ஷன் பார். அதன் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கினால் முன்பக்கம் உயரும். காசில்லாமல் கிடைக்கும் உயரம் என்பதால் இதில் மயங்குபவர்கள் அதிகம். ஆனால் போல்ட்டை இறுக்குவதால் சக்கரத்தின் மொத்த ஆட்டம் கூடுவதில்லை. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்குவதற்கு இருந்த இடத்தைத்தான் எடுத்துச் செலவழிக்கிறோம். மேல் கை எப்போதும் ரப்பரில் முட்டிக்கொண்டே இருக்கும். டிரைவ் ஷாஃப்ட் சாய்ந்த கோணத்தில் சுழன்று, அதன் ரப்பர் உறை கிழியும். உறை கிழிந்து சேறு புகுந்தால் ஷாஃப்ட் போய்விடும். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை என்று நிறுத்திக்கொள்வது நல்லது.

2005-க்குப் பிந்தைய ஹைலக்ஸ் விகோ போன்றவற்றில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அதன் தலையில் வட்டத் தகடு வைத்து உயர்த்துவார்கள். தகடு மலிவு, ஆனால் இறங்கிப்போன பழைய சுருளின் மேல் தகடு வைப்பதைவிடப் புதுச் சுருள் வாங்குவது மேல். பாடிக்கும் சேசிசுக்கும் நடுவே ரப்பர் வைத்து பாடியை மட்டும் தூக்குவது, பெரிய டயருக்கு இடம் தருமே தவிர வேறு பயன் தராது.

ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் பழைய ஸ்பிரிங் விலை குறைவுதான். அதுவும் எங்கோ இருபது வருடம் சுமை தூக்கி இறங்கிய ஸ்பிரிங்காக இருக்கலாம் என்பதை மறக்கக்கூடாது.

இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏன் வேண்டாம்?

மலேசியாவில் 1997-இல் தொடங்கிய ரெயின்ஃபோரஸ்ட் சேலஞ்ச் போட்டி வண்டிகளைப் படத்தில் பார்த்துவிட்டு நான்கு, ஐந்து அங்குலம் கேட்கும் இளைஞர்கள் உண்டு. அவை போட்டிக்காகவே முழுதாக மாற்றிக் கட்டப்பட்டவை. வீட்டு வண்டியில் இரண்டு அங்குலம் வரை மற்ற பாகங்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஸ்டீரிங் தண்டின் கோணம், பிரேக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கும். ஸ்பிரிங்குக்குக் கொடுத்ததைவிட அதிகம் அங்கே போகும்.

கவிழும் அபாயம் அதைவிடப் பெரியது. குட்டி சுசூகிகள் அகலம் குறைந்தவை. 1988-இல் அமெரிக்காவின் ‘கன்சூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ், சாமுராய் என்று அங்கே விற்கப்பட்ட இந்த வண்டி திடீரென வளைக்கும்போது எளிதில் கவிழும் என்று எழுதியது. சுசூகி வழக்குத் தொடுத்தது; 2004-இல் சமரசம் ஆனது. சர்ச்சை எப்படி முடிந்தாலும், அது நிறுவனம் கொடுத்த உயரத்தில் இருந்த வண்டியைப் பற்றியது. பின்னால் ஆளையும் குலையையும் ஏற்றிக்கொண்டு கால்வாய் ஓரமாகச் சாய்ந்து போகும் வண்டிக்கு ஒவ்வோர் அங்குலமும் கணக்கு.

பட்டறைகளில் அடிக்கடி மறக்கப்படுவது பின் பிரேக் வால்வு. பழைய ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்களில், சேசிசில் ஒரு வால்வும் அதிலிருந்து பின் ஆக்சலுக்கு ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டியை உயர்த்தியதும் வால்வு ‘வண்டி காலியாக இருக்கிறது’ என்று ஏமாறும். முழுச் சுமையோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். கம்பியின் ஆக்சல் முனையை உயர்த்திய அளவுக்கு ஏற்றி வைக்க ஒரு சிறிய தகடு போதும். மலிவான வேலை, யாராவது நினைவில் வைத்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் சேசிசை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் பிரேக் ரப்பர் குழாய் விறைத்து இழுபட்டால் நீளமான குழாய் மாற்றியே ஆக வேண்டும். அப்சோர்பர் முழுதாக நீண்டு, சக்கரத்தையே அது தாங்கிக்கொண்டிருந்தால் அதுவும் நீளம் போதாது. பிறகு அலைன்மென்ட், எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி முகப்பு விளக்கின் கோணம். டயர் பெரிதாகியிருந்தால் மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும்; மேலே சொன்ன டயர் கணக்கில், மீட்டரில் 100 என்றால் உண்மையில் 104 அளவில் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது.

கடைசியாக, கடைக்குப் போவதற்கு முன்பே முடிக்க வேண்டிய ஒரு வேலை. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், 1959 மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளின் கீழும் வண்டியின் அமைப்பு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இறங்கிய ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்கு மீட்பது பழுதுபார்ப்பு. நிறுவனம் கொடுத்த உயரத்தைத் தாண்டுவது மாற்றியமைப்பு. தாண்டுவதாக இருந்தால் பக்கத்து ஜேபிஜே அலுவலகத்தில் நேரில் கேட்டு அனுமதி பெறுவது நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் விட்ட மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும் நாளில்தான் பேச்சுக்கு வரும். பெயர் மாற்றத்தின்போது புஸ்பாகோம் பரிசோதனையிலும் கேள்வி எழலாம். அதனால் கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கிளையும் உடனே இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வீட்டின் பின்புறம் வைத்திருப்பது நல்லது.