பட்டமேற்படிப்புகளைக் கண்காணிக்கும் ஆசிரியர் குழுக்கள்

இளநிலைப் பட்டத்திற்குப் பின் பயிலும் முதுநிலைப் படிப்பும் முனைவர் பட்ட ஆய்வும் பட்டமேற்படிப்பு எனப்படுகின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்புகளின் தரத்தைக் காக்க இரண்டு அடுக்குகள் உள்ளன. பல்கலைக்கழகத்திற்கு உள்ளேயே பேராசிரியர்களைக் கொண்டு அமையும் குழுக்கள் முதல் அடுக்கு. வெளியிலிருந்து மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் அமைப்புகள் இரண்டாவது அடுக்கு. தரச்சான்றின் எழுத்துகளைக் கல்லூரி விளம்பரங்களில் எல்லாரும் பார்க்கின்றனர். உள்குழுக்களைப் பற்றி மாணவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வருபவர்கள் எடைபோடுவதில் பெரும்பகுதி, இந்த உள்குழுக்கள் செய்த அல்லது செய்யாமல் விட்ட வேலையே ஆகும்.

பின்னணி

1857இல் கொல்கத்தா, மும்பை, சென்னை ஆகிய நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்ட அவை கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்தி, பட்டம் வழங்கின, தாமே கற்பிக்கவில்லை. 1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்கவும் ஆய்வு நடத்தவும் அவற்றுக்கு வழி திறந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு 1956இல் சட்டத்தின்வழி அமைந்தது. உயர்கல்வியின் தரத்தை வரையறுப்பதும் நிலைநிறுத்துவதும் அதன் பொறுப்பாயின. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கலாம் எனப் பரிந்துரைத்தது. கற்பிப்பவர்களே பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுக்கட்டும் என்பதே இதன் அடிப்படை. இந்த யோசனை நடைமுறைக்கு வந்ததில் தமிழ்நாட்டுக்கு முன்னிடம் உண்டு. 1978இல் லயோலா கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றன.

பாடத்திட்டக் குழுவும் கல்விப் பேரவையும்

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பாடத்திட்டக் குழு இருக்கும். எந்தப் பருவத்தில் எந்தத் தாள், எத்தனை மதிப்புப் புள்ளி, என்னென்ன நூல்கள், எவ்வகைத் தேர்வு ஆகியவற்றை இக்குழு வகுக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளில் துறைத்தலைவர் இதற்குத் தலைவராவார். துறை ஆசிரியர்களுடன் வெளியிலிருந்து வரும் பாட வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் வல்லுநர், தொழில்துறையைச் சேர்ந்தவர், முன்னாள் மாணவர் ஆகியோரும் இடம்பெறுவர். உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போன குறைகள் வெளியாரின் கண்ணுக்குத் தெரியும் என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.

பாடத்திட்டக் குழு வகுத்தது கல்விப் பேரவைக்குச் செல்லும். எல்லாத் துறைகளின் தலைவர்களும் அமரும் அவை இது. தன்னாட்சிக் கல்லூரியின் பேரவையில் பல்கலைக்கழகம் அனுப்பும் பிரதிநிதிகளும் உண்டு. பேரவை பாடத்திட்டத்தை ஏற்கலாம். காரணம் கூறித் திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்பும் அதிகாரத்தை ஒருபோதும் பயன்படுத்தாத பேரவை வெறும் முத்திரை குத்தும் இடமாகிவிடும்.

ஆய்வு ஆலோசனைக் குழு

முனைவர் பட்ட ஆய்வில் மாணவரின் எதிர்காலம் நெறியாளர் ஒருவரையே பெரிதும் சார்ந்திருக்கிறது. அந்த ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு மாணவர் ஆளாகாதிருக்கவும், தேறாத ஆய்வு நெறியாளரின் தயவால் தேறிவிடாதிருக்கவும் ஆய்வு ஆலோசனைக் குழு அமைக்கப்படுகிறது. முனைவர் பட்டத்துக்கான மானியக் குழுவின் விதிமுறைகள் 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. 2022ஆம் ஆண்டு விதிமுறை எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது.

அவ்விதிமுறைப்படி, ஆய்வின் முன்வரைவைப் பார்த்துத் தலைப்பை உறுதிசெய்வது ஆலோசனைக் குழுவே. மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குழுவின் முன் தோன்றித் தம் ஆய்வின் வளர்ச்சியை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதவில்லை எனில் குழு அதற்கான காரணங்களை எழுத்தில் பதிந்து, திருத்தும் வழிகளையும் கூற வேண்டும். அவற்றை மாணவர் நிறைவேற்றாவிட்டால்தான், குறிப்பிட்ட காரணங்களைக் காட்டிப் பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவரிடம், "உங்கள் ஆய்வு சரியில்லை" என்று திடீரெனச் சொல்லப்படுவதாக வைத்துக்கொள்வோம். முந்தைய பருவங்களின் குழு அறிக்கைகள் எல்லாம் "திருப்தி" என்று இருந்தால், அந்தத் தாள்களே மாணவரின் பாதுகாப்பு. முதல் பருவத்திலிருந்தே குறைகள் பதிவாகியிருந்தால், அவர் திருத்திக்கொள்ளக் காலம் கிடைத்திருக்கும். கூட்டம் நடக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கப்பட்டிருந்தால், இரண்டு வழியிலும் இழப்பு மாணவருக்கே.

நெறியாளர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை வழிநடத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை ஏற்கலாம். முடிந்த ஆய்வேட்டை நெறியாளருடன், அந்நிறுவனத்தில் பணிபுரியாத வெளித்தேர்வாளர்கள் குறைந்தது இருவர் மதிப்பிடுவர். அதன் பிறகே வாய்மொழித் தேர்வு நடைபெறும்.

பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்க 2018இல் தனி விதிமுறை வந்தது. அதன்படி துறைதோறும் கல்வி நேர்மைக் குழு அமைய வேண்டும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் மாணவரின் பதிவு ரத்தாகும்.

வெளியிலிருந்து வரும் மதிப்பீடு

நாக் என்று சுருக்கமாக வழங்கும் தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு 1994இல் நிறுவப்பட்டது. அதன் தலைமையிடம் பெங்களூரு. பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பீடும், ஆய்வும் விரிவாக்கப் பணியும், கட்டமைப்பு வசதி, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் ஆகிய 7 அளவுகோல்களை அது வகுத்தது. நிறுவனம் தானே தன்னாய்வு அறிக்கை எழுதித் தர வேண்டும். பிறகு பிற பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் அடங்கிய குழு பார்வையிடும். 4 புள்ளிக்கு மதிப்பிடும் முறையில் 3.51 அல்லது அதற்கு மேல் பெற்றால் உச்ச தரமான ஏ++ கிடைக்கும். 1.50ஐத் தாண்டாத நிறுவனத்திற்குத் தரச்சான்று இல்லை. தர எழுத்துகளுக்குப் பதிலாக, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் புதிய முறை 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

பார்வையிடும் குழுவுக்குக் கிடைப்பது சில நாட்களே. அதற்குள் ஐந்தாண்டுக் கற்பித்தலை நேரில் பார்க்க இயலாது. ஆகவே கூட்டக் குறிப்புகள், பாடத்திட்ட மாற்றங்களின் பதிவுகள், மாணவர் கருத்துகள் ஆகியவற்றையே அது நம்ப வேண்டியுள்ளது. பொய்யான குறிப்புகள் மேல் நல்ல தரச்சான்று எழும்பவும் கூடும். வெளிமதிப்பீட்டாளர்களும் தவறக்கூடியவர்களே. 2025 பிப்ரவரியில், ஒரு நிறுவனத்துக்கு உயர்ந்த தரம் வழங்க லஞ்சம் பெற்றதான வழக்கில் பார்வையிடும் குழுவினர் சிலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது.

தரச்சான்றும் அங்கீகாரமும்

தரச்சான்றையும் சட்டப்படியான அங்கீகாரத்தையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். தரச்சான்று ஒரு நிறுவனம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அங்கீகாரம் அந்தப் படிப்பை நடத்தவே அதற்கு உரிமை உண்டா என்பதைச் சொல்கிறது.

ஆசிரியர் கல்வியில் இந்த வேறுபாடு மாணவரின் பிழைப்பையே தொடும். பி.எட்., எம்.எட். படிப்புகளை அங்கீகரிப்பது, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அங்கீகாரம் பெறாத அல்லது இழந்த நிறுவனத்தில் அதன் பின் பெறும் ஆசிரியர் கல்வித் தகுதி, அரசுப் பணிக்கோ அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிப் பணிக்கோ செல்லாது என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. தவறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் செல்லாத சான்றிதழ் மாணவரின் கையில்தான் இருக்கும்.

மாணவர் கேட்டறிய வேண்டியவை

சேர்வதற்கு முன், குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கு உரிய அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, நாக் சான்று எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்க்க வேண்டும். பாடத்திட்டம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்றும் கேட்கலாம். முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோர், நெறியாளரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் உள்ளனர், ஆலோசனைக் குழுவில் யார் யார், கூட்டம் பருவந்தோறும் நடக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. சேர்ந்த பின் ஒவ்வொரு பருவ அறிக்கையின் படியையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது மாணவரின் உரிமை.