கருப்பு வராத இரவு

அமானுஷ்யத் தொடர் எழுத நினைப்பவர் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் வந்து ஒரு டீ குடித்தால் போதும், பாதிக் கதை தயார். தலைக்கு மேலே மலை, மலையில் குகைகள். வடக்குச் சரிவில் எங்கோ ஓர் ஆலமரத்தடியில் அருணகிரி யோகி இன்றும் அமர்ந்திருக்கிறார், அங்கே யாரும் போக முடியாது என்று ஓர் ஐதீகம். இடைக்காட்டுச் சித்தர் அடங்கிய தலம் என்று இன்னொன்று. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டத்தில் யார் சித்தர், யார் சாமியார், யார் ஊரில் கடன் வாங்கிவிட்டு ஓடிவந்தவர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி, பக்கத்திலேயே மான், காகம், நாய்க்கும் சமாதிகள். ஆசிரமமே 1922-ல் ரமணரின் தாயார் அழகம்மாளை மலையடிவாரத்தில் அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வளர்ந்ததுதான்.

இவ்வளவு சரக்கு இருந்தும் இங்கே யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை. குழந்தைகள் மயிலைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பயம் வரவேண்டுமென்றால் ஃபார்முலா வேண்டும்.

அது நமக்கெல்லாம் மனப்பாடம். ஒரு பழைய கோயில், இல்லையென்றால் பாழடைந்த ஜமீன் மாளிகை. அதற்கொரு சாபம். ஓலைச்சுவடியில் அர்த்தம் பிடிபடாத ஒரு பாட்டு. பட்டணத்திலிருந்து வந்த படித்த பையன் எல்லாம் ஹம்பக் என்பான். ஊர்ப் பெரியவர், “தம்பி, ராத்திரியில அந்தப் பக்கம் போகாதீங்க” என்பார். தம்பி போவான். போகாவிட்டால் அடுத்த வாரம் பத்திரிகையை யார் வாங்குவார்கள்?

இந்த ஃபார்முலா ரொம்பப் பழசு. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணியின் பெயரைத் தாங்கிய குப்புசாமி முதலியார், நூறு வருஷத்துக்கு முன்பே ரெயினால்ட்ஸின் நாவல்களைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். அந்த ரெயினால்ட்ஸ், லண்டனில் ஒரு பென்னிக்கு விற்ற வாரப் பத்திரிகைகளில் மர்மத் தொடர் எழுதியவர். 1846-47-ல் ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றியும் ஒரு தொடர் எழுதினார். பிறகு பி.டி.சாமியின் மலிவு விலைப் பேய்க்கதைகள். அதன்பின் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள். மாதம் தவறாமல் ஒரு புத்தகம் என்றால் ஒவ்வொரு தடவையும் புதுசாக யோசிக்க யாருக்கு நேரம்? முன்பே பூட்டிவைத்த கட்டமைப்பில் ஆட்களை மட்டும் மாற்றி உட்காரவைத்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தே, எப்படி நடக்கும் என்று காத்திருப்பதில் தனி சுகம் உண்டு. தெருக்கூத்து பார்க்கிறவருக்கு துரியோதனன் கதி தெரியாதா என்ன?

2024 நவம்பரில் மதுரையில் காலமான இந்திரா சௌந்தர்ராஜன் இந்த ஃபார்முலாவில் ஒரு காரியம் செய்தார். கருப்பசாமி கோயிலும் பகுத்தறிவு மன்றத்துப் படிப்பகமும் ஒரே தெருவில் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. ஒரே வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பார், மகன் கறுப்புச் சட்டை போடுவான். அந்த இருவருமே படிக்கிற தொடரை எழுதினார் அவர். அவருடைய ‘விட்டு விடு கருப்பா’ நாவல் 1990களின் பிற்பகுதியில் நாகாவின் இயக்கத்தில் ‘மர்ம தேசம்’ டிவி தொடர் வரிசையில் ‘விடாது கருப்பு’ ஆனபோது, வெள்ளைக் குதிரையில் வருவது சாமியா, ஆளா என்று தமிழ்நாடே கேட்டது. மனநோய் என்று பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலால் அம்மாவின் நம்பிக்கையும் போகவில்லை, மகனின் வாதமும் தோற்கவில்லை. இப்படி இரண்டு கதவையும் திறந்துவைத்தபடி ஒரு கதையை முடிப்பது லேசுப்பட்ட வேலையல்ல. அவரைப் பார்த்து எழுதியவர்கள் பலர் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் இந்தக் கதைகளில் தண்டனை தவறாது. தப்பு செய்தவன் தண்டனை வாங்காமல் கடைசிப் பக்கம் வராது. அதில் ஒரு கோணலும் உண்டு. அவருடைய ‘கோட்டைப்புரத்து வீடு’ நாவலில் சமஸ்தானத்து ஆண் வாரிசுகள் முப்பது வயதைத் தாண்டுவதில்லை. முன்னோர் ஒருவரால் சீரழிக்கப்பட்ட மலைஜாதிப் பெண்ணின் சாபம். அடுத்த வாரிசு பிழைப்பானா என்றுதான் வாசகர் நகத்தைக் கடிக்கிறார். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கவலைப்பட நேரமில்லை. அவளுக்குக் கிடைத்தது சாபம் என்கிற வேலை மட்டும். நம் பேய்க்கதைகளில் முக்காலே மூணுவீசம் இப்படித்தான்.

ஃபார்முலாவுக்குள் அடங்கவே அடங்காத ஓர் இரவு இதே ஆசிரமத்தில் நடந்தது. 1924 ஜூன் 26. அப்போது சில கொட்டகைகள் மட்டுமே. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் திருடர்கள் ஜன்னலை உடைத்தார்கள். மலையடிவாரம், இருட்டு, தவமுனி, போதாததற்குக் கருப்பன் என்ற பெயரில் ஒரு நாய்! ‘மர்ம தேசம்’ பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடுத்த காட்சி தானாக ஓடும். நடந்தது வேறு. திருடர்கள் அடித்துவிடப் போகிறார்களே என்று கருப்பனைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் ரமணர். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லியும் அவர் தொடையில் ஓர் அடி விழுந்தது. போதாதென்றால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்றார். இரும்புத் தடியோடு பாயப் போன சீடரையும் தடுத்துவிட்டார். இதைத் தொடராக எழுதிக் கொடுத்தால் எந்த ஆசிரியரும் “கிளைமாக்ஸ் எங்கே சார்?” என்றுதான் கேட்பார்.

பயத்தையே எடுத்துக்கொண்டாலும் அதே கதை. 1896 ஜூலை, மதுரை, சொக்கப்ப நாயக்கன் தெரு. பின்னாளில் ரமணரான, உடம்புக்கு ஒன்றுமில்லாத பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனுக்குத் திடீரென்று, சாகப் போகிறோம் என்ற பீதி. ஃபார்முலா என்றால் ஓட வேண்டும், அலற வேண்டும், தாயத்தோடு யாராவது வரவேண்டும். அவன் பிணம்போலக் கை காலை நீட்டிப் படுத்து, சாவது எது என்று பார்க்கத் தொடங்கினான். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்து சேர்ந்துவிட்டான். பயத்துக்கு எப்போதும் வெளியே ஓர் உருவம் தேடும் கதையில் இந்தப் பையனுக்கு இடமே கிடையாது. 1943-ல் ‘காஞ்சனை’ சிறுகதையை எழுதிய புதுமைப்பித்தன் வேறு வழியில் ஃபார்முலாவைத் தாண்டினார்: சாபமும் சொல்லவில்லை, விளக்கமும் தரவில்லை. அந்த வீட்டில் என்னதான் நடந்தது என்று இன்னும் சண்டை போடுகிறோம்.

இதற்காகப் பழைய மாத நாவல்களை எடைக்குப் போடச் சொல்லவில்லை. கரண்ட் போன ராத்திரியில் ‘விட்டு விடு கருப்பா’வின் முக்கால்வாசியை ஒரே மூச்சில் படிக்கலாம், உத்தரவாதம். விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிற கடைசிப் பகுதியை மட்டும் மறுநாள் பகலில், செங்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முடித்துக்கொள்ளுங்கள்.