நிரல்மொழிப் பதிப்பு மாற்றமும் பொருட்காப்பும்

ஒரு மொழியின் இலக்கணம் மாறுங்கால், அம்மாற்றத்திற்கு முன்னெழுந்த நூல்களை எங்ஙனம் படிப்பது என்னும் வினா தமிழாய்வார்க்குப் புதியதன்று. அவ்வினா இன்று கணிப்பொறி நிரல்களைப் பற்றியும் எழுகின்றது. சொல்லடைவு தொகுத்தற்கும், அடிகளை அளத்தற்கும், எழுத்துகளின் பயிற்சியைக் கணக்கிடுதற்கும் நிரல் எழுதுவார் தமிழ்த்துறைகளிலும் உளர். நிரல் எழுதப்படும் மொழிக்கும் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணம் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதும் உண்டு. பழைய பதிப்பின்படி எழுதிய நிரல் புதிய பதிப்பிலும் அதே விடையைத் தருமாறு காத்தலை ஈண்டு ஒத்தியைபு எனக் குறிப்பாம். அதனைக் காப்பதில் முதற்கண் அஞ்சத்தக்கது யாது என்பதே யாம் ஆராயப் புகுவது.

இருவகை மாற்றம்

தமிழெழுத்து வரலாற்றில் இருவகை மாற்றங்களைக் காண்கிறோம். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை முதலியவற்றின் வடிவம் மாறிற்று, ஒலி மாறவில்லை. பழைய வடிவத்தை அறியாத மாணவர் பழம்பதிப்பொன்றை எடுப்பின் அவ்வெழுத்தில் தடையுற்று நிற்பர், வினவித் தெளிவர், பிழைபடப் படித்துச் செல்லார்.

எகர ஒகரங்களின் நிலை வேறு. தொல்காப்பிய நெறிப்படி புள்ளி பெற்றது குறில்; புள்ளி பெறாதது நெடில். வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குத் தனிக்குறி அமைத்தார் என்பர். அதன்பின் குறியற்ற வடிவம் குறிலாயிற்று. வடிவம் ஒன்றே, மதிப்போ தலைகீழாயிற்று. பழஞ்சுவடியைப் புதுநெறிப்படி படிப்பவர்க்குத் தடை யாதும் தோன்றாது. ஆயினும் ‘கேணி’ என்பதனைக் ‘கெணி’ என்றே படிப்பர். முன்னது நிறுத்தி அறிவிக்கும் மாற்றம். பின்னது அறிவியாது பொருளைத் திரிக்கும் மாற்றம். பின்னதே அஞ்சத்தக்கது. நிரல்மொழியிலும் இவ்விரு வகையே உள்ளன.

பைத்தானின் இரு பதிப்புகள்

இதற்கு ஏற்ற சான்று பைத்தான் என்னும் நிரல்மொழி. நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராசம் அதனை 1991-இல் வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 2000-இலும் மூன்றாம் பதிப்பு 2008 திசம்பரிலும் வெளிவந்தன. மூன்றாம் பதிப்பு பழைய நிரல்களோடு முற்றும் ஒத்தியையாது என்பது தெரிந்தே செய்யப்பெற்றது. இரண்டாம் பதிப்பிற்கான பேணுதல் 2015-இல் முடியும் என முதலிற் கூறப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பெற்று, 2020 சனவரி 1-ஆம் நாள் முடிவுற்றது. ஆகவே, பதினோராண்டுகளுக்கு மேலாக இரு பதிப்புகளும் ஒருங்கே வழங்கின.

விடையைத் திரையில் எழுதும் ‘பிரிண்ட்’ என்னும் ஆணை மூன்றாம் பதிப்பில் பிறைக்குறிகளை வேண்டிற்று. பழைய நிரல் அவையின்றி வரின், கணிப்பொறி பிழை எனக் கூறி நின்றுவிடும். இஃது அறிவிக்கும் மாற்றம்.

வகுத்தற்குறியின் மாற்றம் அத்தகையதன்று. ஒரு செய்யுளின் நான்கடிகளில் 50 எழுத்துகள் உளவாயின் அடிக்குச் சராசரி எத்தனை? 50/4 என எழுதின், இரண்டாம் பதிப்பு பின்னத்தை விடுத்து 12 என்னும். மூன்றாம் பதிப்பு 12.5 என்னும். அவ்விடையை முழுமையாக்கும் முறையும் மாறியுள்ளது. 12.5 என்பதனைப் பழைய பதிப்பு 13 ஆக்கும். புதியது அண்மையிலுள்ள இரட்டை எண்ணாகிய 12 ஆக்கும். ஈரிடத்தும் நிரல் தடையின்றி ஓடும். பிழை அறிவிப்பு வாராது.

ஓர் ஊர்ப்பெயரும் மூன்று விடைகளும்

தமிழாய்வார்க்கு மிகுதியும் உரியது எழுத்தெண்ணுதல். புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த சுத்துக்கேணி என்னும் ஊரின் பெயரைக் கொள்வோம். இதன் நீளத்தை ‘லென்’ என்னும் ஆணையாற் கேட்பின், யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்ட பழைய நிரல் 36 எனும். மூன்றாம் பதிப்பு 12 எனும். தமிழ் இலக்கணப்படி எண்ணுவார்க்கோ சு, த், து, க், கே, ணி என எழுத்துகள் ஆறே.

பழைய பதிப்பு எண்ணியது பைட்டுகளை. யூனிக்கோடு குறியீடு ஒவ்வொன்றும் ஈண்டு மூன்று பைட்டு கொள்ளும். புதிய பதிப்பு எண்ணியது குறியீடுகளை. ‘கே’ என்பதில் ககரம் ஒன்று, ஏகாரக் குறி ஒன்று. எழுத்து என நாம் கொள்வதனை இரண்டும் எண்ணவில்லை. பழைய நிரலில் மூன்றால் வகுத்து ஈடுசெய்திருப்பின், புதிய பதிப்பில் அவ்வகுத்தலே பிழையாகும். கட்டளையடிக்கு ஒற்று முதலியவற்றை நீக்கி எண்ணுவார்க்கு இவ்வேறுபாடு முடிவையே மாற்றிவிடும்.

மேலும், பழைய பதிப்பு பைட்டுத் தொடரையும் யூனிக்கோடு தொடரையும் கலக்க இடந்தந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு அது தீங்கின்றி நடந்தது; தமிழ் புகுந்தபோதே முறிந்தது. மூன்றாம் பதிப்பு இவ்விரண்டையும் பிரித்தமை தமிழுக்கு நன்மையே.

இணக்கிய வழிகள்

இரு பதிப்பிலும் ஓடும் நிரலை எழுதப் பல வழிகள் வகுக்கப்பட்டன. ‘எதிர்காலம்’ எனப் பொருள்படும் பெயருடைய தொகுதியை நிரலின் தலைப்பில் அழைத்தால், பழைய பதிப்பும் புதிய வகுத்தல் விதியை மேற்கொள்ளும். முழுவெண்ணே வேண்டுமிடத்து இரட்டைச் சாய்கோடு இடின் இரண்டும் ஒன்றே கூறும். இரண்டையும் மூன்றையும் பெருக்கிய எண்ணைப் பெயராகக் கொண்ட ‘சிக்ஸ்’ என்னும் தொகுதி வேறுபட்ட பெயர்களை ஒருமைப்படுத்திற்று. யூனிக்கோடு தொடரைக் காட்டும் ‘யூ’ என்னும் முன்னொட்டு 3.0-இல் நீக்கப்பட்டு, 2012-இல் வந்த 3.3-இல் மீட்கப்பட்டது, புதியதே பழையதற்கு இணங்கிய இடம் இது. தமிழெழுத்துகளைப் பிரித்துத்தரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் தொகுதி இரு பதிப்பிலும் இயங்குமாறு எழுதப்பெற்றது. பழைய நிரலைத் தானே பெயர்க்கும் ‘டூ-டு-திரீ’ என்னும் கருவியும் இருந்தது. அது வடிவத்தைப் பெயர்க்க வல்லது; எழுதியவர் கருதிய பொருளை அறியவல்லதன்று. 2024-இல் வந்த 3.13-ஆம் பதிப்பில் அது நீக்கப்பட்டது.

ஆய்வார் கடன்

இவற்றால் போதரும் முடிபு ஒன்று: நிரல் ஓடுகின்றது என்பது அதன் விடை மெய் என்பதற்குச் சான்றாகாது. சுவடியை ஒப்புநோக்குவார் பாடவேறுபாட்டைக் குறிப்பது போல, நிரலால் ஆய்வாரும் எம்மொழியின் எப்பதிப்பில் இயக்கினர் என்பதனைக் கட்டுரையிற் குறித்தல் வேண்டும். கோப்பைத் திறக்கும்போதே அதன் குறியீட்டு முறையை வெளிப்படக் கூறல் வேண்டும். எண்ணப்படுவது பைட்டா, குறியீடா, எழுத்தா என்பதனை வரையறுத்தல் வேண்டும். கையால் எண்ணி விடை கண்ட சில சொற்களையும் அடிகளையும் நிரலோடு சேர்த்து வைத்து, பதிப்பு மாறுந்தோறும் அவற்றை ஓட்டி ஒப்பிடல் வேண்டும். சுத்துக்கேணிக்கு ஆறு என வந்ததா என நோக்கிய பின்னரே ஆயிரம் அடிகளின் கணக்கை நம்பலாம்.

பழைய பதிப்பில் பெற்ற எண்களைக் கொண்டு எழுந்த ஆய்வேடுகள் நம் நூலகங்களில் உள்ளன. அவற்றை மேற்கோளாகக் கொள்வார், அவ்வெண்கள் எவ்விலக்கணத்திற் பிறந்தவை என வினவாது கொள்ளின், கெணியைக் கேணியாக்கும் பணி பின்வருவார்க்குச் சுமையாகும்.