விட்ட தவணையும் அடுத்த வேளைச் சாப்பாடும்

மார்ச் மாதத்தின் இறுதி இரு வாரங்களில், மாலை நேரத்துக்குப் பின் வங்கிக் கிளையின் உட்புறம் எவ்வாறு இருக்கும் என்பதை வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கண்டிருக்க மாட்டார்கள். வாயிற்கதவு அடைக்கப்பட்டிருக்கும், உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். ஆண்டிறுதிக் கணக்கு முடிப்பு என்னும் வேள்வியில் நாங்கள் ஆழ்ந்திருப்போம். அந்த வேள்வித் தீயில் முதலில் இடப்படுவது எங்கள் உணவு ஒழுங்குதான்.

நாங்கள் பணியாற்றும் இந்தூர் நகரில் இந்த ஒழுங்கை இழப்பது மிக எளிது. காலையில் வீட்டில் உண்ண நேரமில்லையெனில், தெருமுனையில் நின்றபடியே போஹாவும் ஜிலேபியும் உண்டுவிடலாம். பிற்பகலில் கச்சோரி, இருட்டியதும் சமோசா. வேலை முடிய நள்ளிரவு நெருங்கினாலும் கவலையில்லை. பகலில் நகைக்கடை வீதியாக விளங்கும் சராஃபா, கடைகள் அடைத்தபின் உணவு வீதியாக மாறி நள்ளிரவு கடந்தும் விழித்திருக்கும். 'இவ்வளவு உழைத்தோமே' என்னும் நினைப்பு கால்களை அவ்வழியே திருப்பிவிடும். போஹாவைக் குறை கூறுவதற்கில்லை. அது ஆவியில் வெந்த அவல்தான். அதன்மேல் தாராளமாக விழும் சேவும், அருகில் வந்து அமரும் ஜிலேபியுமே சிக்கலுக்குக் காரணம்.

எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.3 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருப்பின் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேற்பட்டால் நீரிழிவு. எல்லைக் கோட்டின் அருகே நின்ற அவர், மருந்தின்றி, உணவாலும் நடைப்பயிற்சியாலும் ஓராண்டுக் காலம் முயன்று அதனை 5.8-க்குக் கொண்டுவந்தார். பின்னர் குளிர்காலத் திருமணப் பருவம் வந்தது. அப்போது தொடங்கிய தளர்வு மார்ச்சில் முழுமை பெற்றது. ஏப்ரல் மாதப் பரிசோதனையில் 6.1. அவர் இசைவு அளித்திருப்பதாலேயே இவ்விவரங்களை இங்கே எழுதுகிறோம்.

அறிக்கை வந்த மறுநாள் முதல் அவர் பட்டினியைத் தொடங்கினார். காலை உணவு இல்லை. மதியம் அரைத்தட்டு வெள்ளரி. இடையிடையே சர்க்கரையில்லாத தேநீர். 'மூன்று மாதத் தவற்றை மூன்று வாரத்தில் தீர்த்துவிடுகிறேன்' என்றார். மூன்றாம் நாள் பிற்பகலில் தலை கிறுகிறுத்திருக்கிறது; ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை கல்லாக் கணக்கு முடிக்கையில் 5,000 ரூபாய் குறைந்தது. காசாளரின் கணக்கில் பணம் குறைந்தால் அதனை ஈடுசெய்ய வேண்டியவர் அவரே என்பது பலரும் அறியாத செய்தி. இருபத்தைந்து ஆண்டுப் பணியில் ஒருமுறையும் கணக்குப் பிசகாதவர் அன்றிரவு எவ்வாறு வீடு திரும்பியிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் காலை, கதவு திறக்கும் முன்பே துணி வணிகர் ஒருவர் வெளியே காத்திருந்தார். கட்டுகளுக்கு மேல் உதிரியாக எண்ணித் தந்த தாள்களில் பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் கூடுதலாக வந்துவிட்டன என்று நீட்டினார். பணம் திரும்பியது. ஆயினும், உணவுப் பழக்கத்தில் நேர்ந்த தவற்றை ஈடுசெய்ய அவர் தேர்ந்த வழி, தவற்றினும் பெரிய சேதத்தை ஏற்படுத்தவிருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

தவறியவர்கள் இரு வழிகளில் செல்வதைக் காண்கிறோம். ஒன்று, காசாளரைப் போல் நிலுவை முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட முனைவது. மற்றொன்று, 'முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு' என்று முற்றிலும் கைவிடுவது. இவ்விரண்டாம் வழியை ஆய்வுக்கூடத்திலேயே கண்டவர்கள் உண்டு. 1975-இல் ஹெர்மன், மேக் என்னும் உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். பங்கேற்றோரில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் அளித்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துக் கூறச் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு பேணாதவர்கள், மில்க்‌ஷேக் அருந்தியிருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர், இது இயல்பு. கட்டுப்பாடு பேணுபவர்களோ மில்க்‌ஷேக் அருந்திய பிறகு கூடுதலாக உண்டனர். விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன என்னும் எண்ணம் வயிற்றை விஞ்சிவிடுகிறது. ஒரு ஜிலேபியால் வரும் கேட்டைவிட, 'இன்றைய நாள் கெட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று தொடரும் ஐந்து ஜிலேபிகளால் வரும் கேடே பெரிது.

கடன் பிரிவில் பணியாற்றியவர்களுக்கு இந்த மனநிலை புதிதன்று. ஒரு தவணை தவறியவர், மறுநாளே கிளைக்கு வந்து நிலைமையைக் கூறினால் பெரும்பாலும் வழி பிறக்கும். ஆனால் பலர் வருவதில்லை. தொலைபேசியை எடுப்பதில்லை, கிளை இருக்கும் தெருவைத் தவிர்த்து வேறு தெருவில் செல்வோரும் உண்டு. முதல் தவணையால் வந்த நாணமே இரண்டாம் தவணையையும் விழுங்கிவிடுகிறது. உணவு ஒழுங்கு தவறியவர் எடை பார்க்கும் கருவியில் ஏறாமல் இருப்பதும், பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவதும் இதே நாணத்தால்தான்.

எனினும், வங்கிக் கணக்குக்கும் உடலின் கணக்குக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தவணைக் கடன் ஒன்றில் நிலுவை 90 நாள்களைக் கடந்தால் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் தெளிவுபடுத்தியபடி, அவ்வாறு வகைப்படுத்தப்பட்ட கணக்கு சீரான கணக்காக மீள வேண்டுமெனில், அசலிலும் வட்டியிலும் உள்ள நிலுவை முழுவதும் செலுத்தப்பட வேண்டும். உடல் அத்தகைய நிபந்தனை எதனையும் விதிப்பதில்லை. நடப்புத் தவணையை ஒழுங்காகச் செலுத்தினால் போதும். பழைய நிலுவையில் பெரும்பகுதியை அது தானே தள்ளுபடி செய்துகொள்கிறது.

இது வெறும் ஆறுதல் மொழியன்று. ஹெச்பிஏ1சி என்பது, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினோடு எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்னும் அளவு. ஒட்டிய சர்க்கரை அந்த அணு வாழும்வரை உடன் இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். பழைய அணுக்கள் அழிந்து புதியன பிறந்தவண்ணம் இருப்பதால், பழைய தவற்றின் பதிவுகளும் அவற்றோடு நீங்குகின்றன. பரிசோதனையில் வரும் எண்ணில், கடைசி ஒரு மாதத்தின் பங்கே மிகுதி. ஆகவே மூன்று நாள் பட்டினி அந்த எண்ணை மாற்றிவிடாது. மூன்று நாள் விருந்தும் மாற்றிவிடாது. வாரக்கணக்கில் தொடர்வது எதுவோ, அதுவே அங்கே பதிவாகிறது.

எடைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வணிகவியல் படித்தவர்களுக்கு எதையும் பெருக்கிப் பார்க்காமல் உறக்கம் வாராது. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. உறவினர் திருமணத்துக்குச் சென்று மூன்று நாளில் இரண்டு கிலோ கூடித் திரும்பினால், அது முழுவதும் கொழுப்பாக இருக்க, அன்றாடத் தேவைக்கும் மேலாக 15,400 கிலோகலோரி உண்டிருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000-க்கும் மேல். தால் பாஃப்லாவை நெய்யில் மிதக்கவிட்டு உண்டாலும் அது கடினமே. கூடிய எடையில் பெரும்பகுதி, உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் சில நாள்களில் அது வடிந்துவிடும். கருவி காட்டிய எண்ணைக் கண்டு அஞ்சி, மறுநாள் முழுப்பட்டினி கிடப்பவர்கள், நீரைக் கொழுப்பென்று எண்ணி அதனோடு போரிடுகிறார்கள்.

எனவே காசாளரிடம் நாங்கள் கூறியதும், பின்னர் நாங்களே மேற்கொண்டதும் ஒன்றுதான்: ஈடுசெய்ய வேண்டாம், அடுத்த வேளையை ஒழுங்காக உண்ண வேண்டும். திங்கட்கிழமைக்கோ முதல் தேதிக்கோ காத்திருக்கவும் தேவையில்லை. காலையில் தவறினால் மதியம், மதியம் தவறினால் இரவு.

அடுத்த வேளை எவ்வாறு இருக்க வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியில், தட்டில் பாதி காய்கறியும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும் என்பது முதன்மையானது. 1918-இல் குன்னூரில் சிறிய ஆய்வுக் கூடமாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய நிறுவனம் அது. அதன் அளவுகோலை எங்கள் சாப்பாட்டு அடுக்குகளோடு ஒப்பிட்டபோது சற்று வெட்கமாகவே இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவந்து தனியே தங்கியிருக்கும் எங்களில் பலருக்கு மதிய உணவு அடுக்கு வெளியிலிருந்து வருகிறது. ஐந்து ரொட்டி, பருப்பு, சோறு, ஓர் உருளைக்கிழங்குக் கறி. பச்சை நிறம் என்று சொல்ல அதில் ஒரு மிளகாய் மட்டுமே.

அடுக்கைத் துறக்கவில்லை. ரொட்டி மூன்றாகவும் பருப்பு இருமடங்காகவும் மாறின. உருளைக்கு மாற்றாகச் சுரைக்காயோ வெந்தயக்கீரையோ வேண்டும் என்று சொல்லி வைத்தோம். உணவு அனுப்பும் அம்மையார் மறுப்பேதும் கூறவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். வெள்ளரியும் முள்ளங்கியும் தக்காளியும் முறைவைத்து ஒருவர் வாங்கி வருகிறார்.

தேநீர்க் கணக்குதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. கிளையில் நாளொன்றுக்கு ஆறு கோப்பை; கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. கரண்டிக்கு நான்கு கிராம் என்று கொண்டால் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் அடங்குவது நன்று என்கிறது. எந்த இனிப்பையும் தொடாமல், தேநீரிலேயே அதன் இருமடங்கை நெருங்கியிருக்கிறோம்! இப்போது கோப்பை மூன்று, கரண்டி ஒன்று. முதல் வாரம் கசந்தது. மேசை இழுப்பறையில் நம்கீன் பொட்டலம் இருந்த இடத்தில் வறுத்த கொண்டைக்கடலை இருக்கிறது. நான்கு மணிப் பசிக்கு எதிரே நெஞ்சுறுதி நெடுநேரம் நிற்பதில்லை. கைக்கெட்டும் தொலைவில் எது இருக்கிறதோ அதுவே வெல்கிறது என்பது எங்கள் அனுபவம்.

புதிய பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பலரும் கூறுவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010-இல் அச்சான ஆய்வில், பழக்கம் இயல்பாகப் படியச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வில் கண்ட மற்றொரு செய்தி இன்னும் பயனுடையது: இடையே ஒருநாள் தவறுவது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

இம்முயற்சியால் கிட்டும் பயன் சிறிதன்று. நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. அந்த முந்தைய நிலையில் இருப்போர் எல்லோரும் நோயாளிகளாக வேண்டும் என்பதில்லை. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டவர்களுக்கு மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை அளிக்கப்பட்ட குழுவினர் பெற்ற பயனும் ஏறத்தாழ அதே அளவே.

ஓர் எச்சரிக்கையைத் தவிர்க்க இயலாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், உணவு வேளையைத் தாமாகவே நிறுத்துவதோ அளவைச் சட்டென்று குறைப்பதோ கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அவர்களும், சிறுநீரக நோயுடையோரும், கருவுற்றிருப்போரும் மருத்துவரைக் கலந்த பின்னரே மாற்றங்களைச் செய்ய வேண்டும்.

காசாளரின் ஜூலை மாதப் பரிசோதனையில் 5.9 வந்தது. இடையில் இரண்டு திருமணங்களுக்குச் சென்றார். இரண்டிலும் ஜிலேபி உண்டதாக அவரே கூறினார். அடுத்த பரிசோதனை, தீபாவளி வரும் மாதத்தில் வருகிறது. பண்டிகைக்கு முன்பே எடுத்துவிடலாமே, எண் நன்றாக இருக்குமே என்று எங்களுள் ஒருவர் யோசனை கூறினார். அவர் நாட்காட்டியைப் புரட்டி, தீபாவளி கழிந்து மூன்றாம் வாரத்துச் சனிக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, அன்றைய கல்லாவை எண்ணத் தொடங்கினார்.