மோதிர விரலுக்கு ஒரு பாடம்

கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் ஹார்மோனியம் வாசித்து வளர்ந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். லண்டன் டிரினிடி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கமும் வாங்கினார். தேனிப் பக்கம் இதைப் பெருமையாகச் சொல்லாதவர் குறைவு. அந்த வாத்தியத்தைப் படிப்பவர் அன்றாடம் எதைச் சாதகம் செய்கிறார் என்பதுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

கார்டு எனப்படும் சுரக்கூட்டைப் பிடித்துப் பாட்டுக்குத் துணை வாசிக்கத் தெரிந்துவிட்டால், அடுத்தது எடூட் எனப்படும் பயிற்சி உருப்படிகள். ஒவ்வொன்றும் விரல்களுக்கு ஒரு சிக்கலைக் கொடுக்கும். ஆனாலும் காதுக்கு முழுமையான இசையாகவே இருக்கும். கர்நாடக இசையில் வர்ணம் சாதகத்துக்கும் உதவுகிறது, மேடையும் ஏறுகிறது அல்லவா, ஏறக்குறைய அந்த இடம். இடைநிலை மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, பாரிஸில் வாழ்ந்த இத்தாலியர் மத்தேயோ கார்காசி (1792–1853) எழுதிய ஓபஸ் 60: மொத்தம் 25 பயிற்சிகள்.

அதில் மூன்றாவதைப் பார்ப்போம். ஏ மேஜரில் அமைந்தது. கார்டின் சுரங்கள் சேர்ந்து ஒலிக்காமல் ஒவ்வொன்றாக, மும்மூன்றாக வரும். 1982இல் வந்த ‘இளைய நிலா’ பாடலின் தொடக்கக் கிட்டாரைக் கேட்டவர்களுக்கு, ஆர்பெஜியோ எனப்படும் இப்படிப் பிரித்து மீட்டும் முறை பழக்கமானதுதான். கார்காசியில் கட்டைவிரல் கீழ்ச்சுரத்தைப் பார்த்துக்கொள்கிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இடையிலுள்ளவற்றை நிரப்புகின்றன. மெட்டு மேல்சுரத்தில், மோதிர விரலின் பொறுப்பில். புறங்கையில் பக்கத்து விரல்களோடு தசைநாரால் பிணைந்திருப்பதால் தனித்து இயங்கத் திணறும் விரல் அது. அதுதான் மற்ற சுரங்களைவிட ஓங்கி ஒலித்தாக வேண்டும்!

முதலில் கீழ்ச்சுரத்தையும் மெட்டையும் மட்டும் வாசியுங்கள். மெட்டை வாய்விட்டுப் பாடுங்கள். அது மனதில் நின்ற பிறகு இடைச் சுரங்களை மெல்லச் சேர்த்துக்கொள்ளுங்கள். கை தடுமாறும் இடம் பெரும்பாலும் இடது கை கார்டு மாற்றும் இடம்தான். அந்த மாற்றம் வரும் இரண்டு பார்களை (தாளப் பகுதிகளை) மட்டும் தனியே எடுத்து, மெட்ரோனோமின் வேகத்தைக் குறைத்து வைத்து வாசியுங்கள். இரண்டு கார்டுக்கும் பொதுவான விரலைத் தூக்கவே கூடாது. ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் முதலிலிருந்து தொடங்கினால் எளிய தொடக்கம்தான் மெருகேறும். கஷ்டமான பார் கஷ்டமாகவே கிடக்கும். வேகத்தைப் பற்றி இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

மோதிர விரல் மெட்டைத் தெளிவாகப் பாடத் தொடங்கினால், ஸ்பெயின்காரர் ஃபெர்னாண்டோ சோரின் ஓபஸ் 35, 22ஆம் பயிற்சிக்குப் போகலாம். அங்கும் மெட்டு ஆர்பெஜியோவுக்குள்தான் இருக்கிறது. ஆனால் பி மைனர் என்பதால், ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பாரே கார்டுகள் வந்துவிடும். இந்த முறை சோதனை இடது கைக்கு.