எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர்?

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. கனமழை எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. ஆனால், தண்ணீர் கோட்டூர்புரத்தில் எத்தனை அடி நிற்கும், ஜாஃபர்கான்பேட்டைக்குள் எத்தனை மணிக்கு நுழையும் என்று மக்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்தக் குறையைப் போக்க உருவானதுதான் ‘சி-ஃப்ளோஸ்’ வெள்ள எச்சரிக்கை அமைப்பு. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், ஐ.ஐ.டி.க்கள், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. இதே போன்ற அமைப்பாக, மும்பைக்கான ‘ஐ-ஃப்ளோஸ்’ 2020 ஜூனில் தொடங்கப்பட்டது.

இத்தகைய அமைப்பின் சூட்சுமம் இரண்டு துறைகளின் கூட்டணி. நிலத்தின் மேடு பள்ளம், ஏரி, கால்வாய், சாலை, கட்டடம் என அடுக்கடுக்காக வரைபடம் தருவது புவியியல் தகவல் அமைப்பு எனும் ஜி.ஐ.எஸ். அந்த நிலத்தில் மழையைக் கணினியிலேயே பெய்ய வைத்து, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு ஆற்றுக்கு ஓடும் என்று கணக்கிடுவது உருவகப்படுத்தும் மாதிரி. கடல் மட்டமும் கணக்கில் சேரும். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் அடையாறு முகத்துவாரத்தில் தண்ணீர் எளிதில் வடியாது. விடையாகக் கிடைக்கும் நீரின் ஆழம் மீண்டும் வரைபடத்தில் ஏறும்போது, மூழ்கப்போகும் தெருக்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

வரைபடம் பிசகினால் கணக்கும் பிசகும். 2000-ல் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உலக உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், அதில் சில மீட்டர் பிழை சகஜம். மரத்தின் உச்சியும் மொட்டை மாடியும்கூடத் தரையாகப் பதிவாகியிருக்கும். சென்னை போன்ற தட்டையான ஊரில் அரை மீட்டர் வித்தியாசமே ஒரு தெருவின் தலையெழுத்தை மாற்றிவிடும். எனவேதான் விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளக்கும் ‘லைடார்’ தரவு இங்கே அவசியமாகிறது.

அளந்ததோடு வேலை முடிவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் லாரி லாரியாக மண் கொட்டினால், பழைய வரைபடம் அன்றே காலாவதி. புது மேம்பாலம், புது வடிகால், தூர்ந்துபோன கால்வாய் என எல்லாம் ஆண்டுதோறும் அதில் ஏற வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அந்த வரைபடம் பொதுமக்கள் பார்வைக்கும் வரவேண்டும். வீடு வாங்குபவருக்கும் வாடகைக்குப் போகிறவருக்கும் தன் தெரு எவ்வளவு மூழ்கும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதிகாரிகளின் திரையோடு நின்றுபோகும் எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை.