புகையில் வெந்த வான்கோழிக்கு எந்த ஒயின்?

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகை. அன்றைய விருந்துக்கு நடுநாயகம் வான்கோழி. பெரும்பாலான வீடுகளில் அதை அவனில் சுடுவார்கள். மரக்கட்டைப் புகையில் மணிக்கணக்காக நிதானமாக வேகவைப்பவர்களும் உண்டு. அவனில் சுட்டதற்குப் பொருந்துகிற ஒயின் எல்லாம் புகையில் வெந்ததற்குப் பொருந்திவிடாது. காரணம் புரிந்துவிட்டால் கடையில் புட்டிகளுக்கு முன்னால் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை ஒயின், சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்ற பழைய விதி இங்கே அதிகம் உதவாது. இறைச்சியின் நிறத்தைவிட அதில் ஏறியிருக்கும் புகையும் உப்பும்தான் முக்கியம்.

புகை என்ன செய்கிறது?

மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அது தீயில் சிதையும்போது குவாயகோல், சிரிங்கோல் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. புகைபோட்ட இறைச்சியின் மணமும் சுவையும் பெரும்பாலும் இவற்றால் வருபவை. ஒயினை வைத்துப் பக்குவப்படுத்தும் ஓக் பீப்பாய்களின் உட்புறத்தையும் தீயில் வாட்டுவார்கள். அதனால் இதே வகைச் சேர்மங்கள் ஒயினிலும் இறங்குகின்றன. ஓக் வாசம் தூக்கலான ஷார்டனே ஒயினைப் புகைபோட்ட வான்கோழியோடு குடித்தால், புகைமேல் புகை ஏறிப் பழச்சுவை அமுங்கிப்போகும்.

அடுத்தது துவர்ப்பு. கடுந்தேநீர் குடித்தால் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அதே டானின்தான் சிவப்பு ஒயினிலும் இருக்கிறது. கொழுப்பு நிறைந்த மாட்டிறைச்சி அந்தத் துவர்ப்பைத் தணித்துவிடும். வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. துவர்ப்பைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. கேபர்நே சாவிஞ்ஞோன் போன்ற கனத்த ஒயின் அதோடு சேரும்போது வாய் கசந்து வறள்வது இதனால்தான்.

மூன்றாவது உப்பு. இறைச்சி காய்ந்துபோகாமல் இருக்க, புகைபோடுவதற்கு முன் உப்புநீரில் ஊறவைப்பது வழக்கம். உப்புக்கும் புகைக்கும் புளிப்புதான் நல்ல துணை. ஒவ்வொரு வாய்க்கும் இடையே அது நாக்கைத் துலக்கிவிடும்.

ஆக, தேட வேண்டியது இப்படி ஓர் ஒயின்: புளிப்பு நன்றாக இருக்க வேண்டும், பழச்சுவை துலக்கமாக இருக்க வேண்டும், துவர்ப்பும் ஓக் வாசமும் அடங்கியிருக்க வேண்டும்.

கடையில் எதைக் கேட்பது?

பினோ நுவார்: இந்தத் திராட்சைக்குத் தோல் மெல்லியது, அதனால் துவர்ப்பும் குறைவு. செர்ரிப் பழச் சாயலும் நல்ல புளிப்பும் உண்டு. ஆரகன் மாநிலத்தின் வில்லாமிட் பள்ளத்தாக்கிலிருந்து வருவது நம்பி வாங்கத் தக்கது.

போஜொலே: பிரான்சில் காமே திராட்சையில் செய்யும் இலகுவான சிவப்பு ஒயின். புதிதாக இறக்கும் போஜொலே நூவோ, நவம்பர் மூன்றாவது வியாழனன்று, அதாவது தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு வெளியாகும். ஆனால் அது புகைக்கு ஈடுகொடுக்காமல் மெலிந்து தெரியலாம். மோர்கோன், ஃப்ளூரி என்ற ஊர்ப் பெயர்களோடு வருபவற்றில் சாரம் கூடுதல்.

ரீஸ்லிங்: வெள்ளை ஒயின்களில் என் முதல் தேர்வு. ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து கபினெட் என்ற பெயரில் வருவதில் பெரும்பாலும் இலேசான இனிப்பும் கூர்மையான புளிப்பும் சேர்ந்திருக்கும். இறைச்சியில் மிளகாய், மிளகுப் பொடி தடவியிருந்தால் இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. காரத்தோடு ஆல்கஹால் அதிகமான ஒயின் சேர்ந்தால் எரிச்சல் கூடும். கபினெட்டில் ஆல்கஹால் குறைவு.

ஜின்ஃபண்டல்: கலிஃபோர்னியாவின் பழச்சுவை மிகுந்த சிவப்பு ஒயின். பார்பெக்யூ சாஸ் பூசிய இறைச்சிக்கு ஏற்றது. இதில் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. லேபிளைப் பார்த்து, 14.5க்குக் கீழே இருப்பதை எடுங்கள்.

மரத்தையும் கேளுங்கள்

ஆப்பிள், செர்ரி மரங்களின் புகை மென்மையானது. ரீஸ்லிங்கும் பினோ நுவாரும் அதற்குப் போதும். ஹிக்கரி புகை அழுத்தமானது. மெஸ்கீட் இன்னும் கடுமையானது. இவற்றுக்கு மோர்கோன் அல்லது ஜின்ஃபண்டல் ஈடுகொடுக்கும். வாங்கப் போகுமுன், எந்த மரத்தில் புகைபோடுகிறீர்கள் என்று சமைப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தொட்டுக்கொள்ளும் கிரான்பெரி சாஸையும் மறக்கக் கூடாது. உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். சாஸில் சர்க்கரை தூக்கல் என்றால் இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் பக்கம் சாயுங்கள்.

பரிமாறும்போது

ரீஸ்லிங் 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். பினோ நுவாரையும் போஜொலேயையும் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் பழச்சுவை தெளிவாகத் தெரியும். 750 மில்லிலிட்டர் புட்டியில் 5 கிளாஸ் வரும்.

ஒரே ஒரு வகைதான் வாங்க முடியும் என்றால் பினோ நுவார் வாங்குங்கள். நெஞ்சுக்கறி, கால்கறி இரண்டுக்கும் அது ஒத்துப்போகும். இரண்டு வகை முடியும் என்றால் ரீஸ்லிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மது அருந்தாதவர்களுக்கும் அதே புளிப்புக் கணக்குதான்: சர்க்கரை சேர்க்காத கிரான்பெரிச் சாற்றில் கொஞ்சம் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்து, நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள்.